மாத்திரை வெட்டி: பாதிக்குச் சரி, கால்வாசிக்குத் தடுமாறும், அதற்குக் கீழே கைவிரிக்கும்

மெடிக்கல் ஷாப்பில் ‘டேப்லெட் கட்டர்’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் டப்பா. மூடியின் உள்பக்கம் ஒரு பிளேடு. அடியில் மாத்திரையை ஒதுக்கி நிறுத்த ‘வி’ வடிவத்தில் ஒரு பள்ளம். அதற்குப் பக்கத்தில் வெட்டிய துண்டைப் போட்டு வைக்க ஒரு சின்ன அறை. 150 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஆன்லைனில் 100-க்கும் இருக்கிறது, 300-க்கும் இருக்கிறது. கம்பெனிப் பெயர் எழுதவில்லை. நான் புரட்டிப் பார்த்தவரை எல்லாம் ஒரே அச்சில் வார்த்த சாமான் மாதிரிதான், ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்தான் வேறு.

நான் நகைப் பட்டறை வைத்திருக்கிறேன், கோவையில் செல்வபுரம் பக்கம். கடைக்காரர் நிறுத்துக் கொடுக்கும் தங்கத்தை நகையாக்கி, சேதாரக் கணக்குப் போக மறுபடி நிறுத்துக் கொடுப்பது தொழில். எங்களுக்குப் பத்து மில்லி (மில்லிகிராமைத்தான் அப்படிச் சொல்வோம்) குறைந்தாலும் கேள்வி வரும். அதனால் இந்த விமர்சனமும் கொஞ்சம் பொடிக் கணக்காகத்தான் போகும். பொறுமை இல்லாதவர்களுக்கு முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: மாத்திரையைப் பாதியாக்க வாங்கலாம். மனச்சோர்வு மாத்திரையை முழுக்க நிறுத்துவதற்கு இது ஒன்றே போதும் என்று நினைத்து வாங்க வேண்டாம்.

நான் வெட்டியது எஸ்சிட்டலோப்ராம், 10 மில்லிகிராம். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கிற மாத்திரை. கொரோனா ஊரடங்கில் பட்டறை பூட்டிக் கிடந்தபோது எனக்கு நெஞ்சுப் படபடப்பு ஆரம்பித்தது. ராத்திரி திடீரென்று எழுந்து உட்கார்ந்து, இதோ போகப் போகிறோம் என்று மூச்சு வாங்குவேன். ஈசிஜி, எக்கோ எல்லாம் நார்மல். இதய டாக்டரே மனநல டாக்டரிடம் அனுப்பினார். மாத்திரை வேலை செய்தது. சில வாரத்தில் சோறு இறங்கியது, தூக்கம் வந்தது, ஊதுகுழலைத் திரும்பக் கையில் எடுத்தேன். மாத்திரையைத் திட்டுவதற்காக இங்கே வந்தவர்கள் வேறு பக்கம் பார்க்கவும். எனக்கு அது தேவைப்பட்டது, தேவைப்பட்டபோது கிடைத்தது.

தகராறு நிறுத்தும்போதுதான். சில வருடம் நன்றாக இருந்த பிறகு, வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்கில் கேட்டேன். “நல்லாத்தான் இருக்கறீங்க, ஒண்ணுவிட்டு ஒரு நாள் ரெண்டு வாரம் போட்டுட்டு நிறுத்திருங்க” என்றார்கள். அதைவிட எளிதான யோசனை உண்டா? ஆனால் இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறைய 27 முதல் 32 மணி நேரம் ஆகும். ஒரு நாள் விட்டுப் போட்டால், அடுத்த மாத்திரை விழும் நேரத்துக்கு ரத்தத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். உடனே மேலே ஏறும், திரும்ப இறங்கும். அளவைக் குறைக்கிறோம் என்று பெயர், நடப்பதோ ஏற்ற இறக்கம். இதை விளக்கிச் சொல்ல இன்னொரு டாக்டர் வேண்டியிருந்தது.

அந்த நாட்களில் என்ன ஆயிற்று என்பதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். பலர் இதைச் சொல்லத் தெரியாமல் ‘ஒரு மாதிரி இருக்கு’ என்று முடித்துவிடுகிறார்கள், கேட்கிறவர்களும் ‘பழைய வியாதி திரும்பிருச்சு’ என்று முடித்துவிடுகிறார்கள்.

நகையைப் பற்றவைக்கும்போது என் கண் ஓரிடத்தில் நிற்காது. ஜாயின்ட்டில் ஒட்டவைக்கும் பொடி வைத்திருப்பேன். பார்வை பொடிக்குப் போகும், சுடருக்குப் போகும், பொடி உருகி ஓடுகிற அந்த நொடிக்காகத் திரும்ப வரும். கண்ணை அப்படித் திருப்பும்போதெல்லாம் மண்டைக்குள் ‘சிர்ர்’ என்று ஒரு சின்ன கரண்ட். வலி இல்லை. அரை நொடி படம் அறுந்து மறுபடி ஓடுகிற மாதிரி. பக்கவாட்டில் பார்த்தால் அதிகம், நேராகப் பார்த்தால் குறைவு. ஒரு முறை அது வந்த நேரத்தில் சுடர் ஒரு நூல் விலகி, வளையலின் பூ வேலை சுருண்டு உருகிவிட்டது. அதோடு தலை லேசாகக் கிறுகிறுத்தது, உள்ளங்கை வேர்த்தது. விடிகாலையில் சினிமா மாதிரிக் கனவுகள், அதுவும் கலர் கலராக. டி.வி.யில் ஊறுகாய் விளம்பரத்துக்கு எனக்குக் கண் கலங்கியது. என் மகள் பார்த்துவிட்டுச் சிரித்தாள், நானும் சிரித்தேன், கலங்குவது மட்டும் நிற்கவில்லை.

இந்தக் கரண்ட் அடிப்பது என் பழைய வியாதியில் ஒரு நாளும் இருந்ததில்லை. இரண்டாவதாகப் பார்த்த டாக்டரம்மா முதலில் பிடித்துக்கொண்டது அதைத்தான். “இது முன்னாடி இருந்துச்சுங்களா? எத்தனை நாள்ல ஆரம்பிச்சது?” என்று கேட்டார். அளவைக் குறைத்த சில நாளுக்குள் வருவது, உடம்பில் புதிதாகத் தெரிவது, பழைய அளவைத் திரும்பப் போட்டால் ஓரிரு நாளில் அடங்குவது என்றால் அது பெரும்பாலும் மாத்திரை விடுபடும் அவதி. வியாதி திரும்புவது பொதுவாக மெதுவாக, வாரம் மாதம் எடுத்து, பழைய ரூபத்திலேயே வரும். எனக்குப் பழைய அளவைத் திரும்பக் கொடுத்தார். அடங்கியது. அதன் பிறகுதான் “சரி, இப்ப மெதுவா இறங்கலாம்” என்றார். வெட்டி வாங்கியது அப்போதுதான்.

கடைத் தம்பி கேட்டார்: “அண்ணா, இதை எதுக்குங்க வெட்டறீங்க? 5-ஏ தனியா வருதுங்களே.”

நியாயமான கேள்வி. 10-லிருந்து 5-க்கு வர வெட்டியே தேவையில்லை, 5 மில்லிகிராம் மாத்திரையே கிடைக்கிறது. ஆனால் 10-க்கும் 5-க்கும் நடுவில் நிற்க வேண்டுமென்றால் 5-ஐயும் அதன் பாதியையும் சேர்த்துப் போட வேண்டும். 5-க்குக் கீழே போகும்போதும் வெட்டித்தான் ஆக வேண்டும்.

இனி சாமானுக்கு வருவோம். நடுவில் கோடு போட்ட மாத்திரையைப் பள்ளத்தில் வைத்து, கோட்டைப் பிளேடுக்கு நேராகத் திருப்பி, மூடியை ஒரே அமுக்காக அமுக்க வேண்டும். மெதுவாக அழுத்தினால் மேலே இருக்கும் பூச்சு நசுங்கி, மாத்திரை கோணலாக உடையும். கோடு இல்லாத மாத்திரை என்றால் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. பிளேடு புதிதாக இருக்கும்போது வெட்டு கண்ணாடி மாதிரி வருகிறது. போகப் போக முனை மழுங்கி, வெட்டுவதற்குப் பதில் பிளக்க ஆரம்பிக்கிறது. பிளேடை மாற்ற வழியே வைக்கவில்லை. 150 ரூபாய்ச் சாமானில் ஒரு திருகாணி வைத்திருந்தால் 155 ஆகியிருக்கும், அவ்வளவுதானே? இன்னொன்று, மூடி தானாகத் திறந்துகொள்கிறது. சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் பிளேடோடு இதை மேசையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

வெட்டிய துண்டுகளை நான் பட்டறைத் தராசில் வைத்தேன். தொழில் புத்தி. இது ஒரு மில்லி வரை காட்டும் தராசு. கண்ணாடிக் கதவை மூடி, ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் நிறுக்க வேண்டும். வீட்டுக்காரி வாசலில் நின்று பார்த்துவிட்டு, “ஏனுங்க, பொன்னு நிறுக்கற தராசுல மாத்திரைய நிறுக்கறீங்க?” என்றாள். “பொன்னைவிட இது முக்கியம் கண்ணு” என்றேன்.

இங்கே ஒரு விஷயம், பலர் குழம்புவது. 10 மில்லிகிராம் என்று பட்டையில் போட்டிருப்பது மருந்தின் எடை. மாத்திரையின் எடை அல்ல. மாவு, பசை, மேல்பூச்சு எல்லாம் சேர்ந்து என் மாத்திரை முழுசாக 130 மில்லி இருந்தது. வேறு கம்பெனி மாத்திரை வேறு எடை காட்டும். ஆகவே தராசில் 10 மில்லி சுரண்டி எடுத்து 10 மில்லிகிராம் மருந்து என்று யாரும் கணக்குப் போட்டுவிட வேண்டாம்.

130-ஐப் பாதியாக வெட்டினேன். 67 ஒன்று, 62 ஒன்று, ஒரு மில்லி பொடியாகப் போயிற்று. மோசமில்லை. மருந்துக் கணக்கில் 5.2, 4.8. சொல்லப்போனால் நல்ல வேலை. அந்த 67-ஐத் திரும்ப வெட்டினேன். 38, 27, பொடி 2. கால் மாத்திரைக்கு 2.5 மில்லிகிராம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, ஒரு துண்டில் 2.9 இருக்கிறது, மற்றதில் 2.1-தான். ஒன்றைவிட ஒன்று 40 சதவீதம் கனம். என் பட்டறைப் பையன் கம்மல் ஜோடியை இப்படி அடித்துக்கொண்டு வந்தால் திரும்ப உருக்கச் சொல்லியிருப்பேன்.

எஸ்சிட்டலோப்ராம் உடம்பைவிட்டு மெதுவாக இறங்குகிற மருந்து என்பதால், இன்று 2.9 நாளை 2.1 என்றால் ஓரளவு சமனாகிவிடும். அதனால் ஒரே மாத்திரையின் இரண்டு துண்டையும் அடுத்தடுத்த நாளில் போட வேண்டும் என்பது நான் வைத்துக்கொண்ட வழக்கம். மொத்தப் பட்டையையும் ஒரே நாளில் வெட்டி டப்பாவில் கொட்டி வைத்து, பெரியதையெல்லாம் இந்த வாரம், சின்னதையெல்லாம் அடுத்த வாரம் என்று அள்ளிப் போட்டால் அந்தச் சமன் கிடைக்காது. பூச்சு போன துண்டு ஈரக் காற்றில் உதிரவும் செய்கிறது. அன்றன்றைக்கு வெட்டுவதே சரி. இந்தச் சலுகை எல்லா மருந்துக்கும் கிடையாது. வென்லாஃபாக்சின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்து உடம்பில் சுமார் 5 மணி நேரத்தில் பாதியாகிவிடும், அதிலிருந்து உண்டாகும் பொருளும் 11 மணி நேரத்துக்குள் பாதி. ஒரு வேளை தள்ளிப்போனாலே தெரிந்துவிடுகிறது என்று அதைப் போடுகிறவர்கள் சொல்வார்கள். ஃபுளுஆக்சிடின், அதுவும் மனச்சோர்வு மருந்துதான், இதற்கு நேர் எதிர். அதன் மிச்சம் வாரக்கணக்கில் உடம்பில் தங்கி, தானே மெதுவாக இறங்கும்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று, இந்தச் சாமானை விற்கிறவர்கள் அதை அட்டையில் எழுதுவதில்லை. பட்டையில் எக்ஸ்.ஆர்., ஈ.ஆர்., சி.ஆர். என்று ஏதாவது இருந்தால் இந்தச் சாமானுக்குள் வைக்கவே கூடாது. அவை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடும்படி செய்த மாத்திரைகள். வெட்டினால் அந்த அமைப்பு கெட்டு, மருந்து மொத்தமாக இறங்கிவிடும். வென்லாஃபாக்சின் காப்ஸ்யூலும் வெட்டுகிற சாமான் இல்லை, உள்ளே குருணை குருணையாக இருக்கும். அதே போல், பட்டையில் ‘பிளஸ்’ என்று இருந்தால் பின்பக்கம் திருப்பிப் படியுங்கள். நம் ஊரில் எஸ்சிட்டலோப்ராமோடு குளோனசிபாம் என்ற பதற்றம் தணிக்கும் மருந்தைச் சேர்த்த மாத்திரை சர்வசாதாரணமாக எழுதப்படுகிறது. அதைப் பாதியாக்கினால் இரண்டு மருந்தையும் பாதியாக்குகிறீர்கள். குளோனசிபாமைக் குறைப்பது தனிக் கணக்கு, சடாரென்று நிறுத்தினால் வலிப்புவரைக்கும் போகலாம். டாக்டர் இல்லாமல் தொடவே கூடாத இடம் அது.

சரி, கால்வாசி வரை வந்தாயிற்று, இனிச் சும்மா விட்டுவிடலாமே, இத்தனூண்டில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. டாக்டரம்மா மேசையில் ஒரு தாளை எடுத்து வளைகோடு ஒன்று வரைந்தார். 2019-இல் மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இரண்டு பேர் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் எழுதிய கட்டுரையில் வருகிற சங்கதி. ஹோரோவிட்ஸ் தானே மாத்திரையை விட முயன்று அவதிப்பட்டவர், மனநல மருத்துவத் துறையில் இருப்பவரும்கூட. எஸ்சிட்டலோப்ராமுக்கு மூத்தது சிட்டலோப்ராம். அதை 60 மில்லிகிராம் போட்டால் மூளையில் செரடோனின் என்ற ரசாயனத்தைத் திரும்ப உறிஞ்சும் இடங்களில் 88 சதவீதம் போல அடைபடுகிறது (மாத்திரை வேலை செய்வதே இந்த அடைப்பால்தான்). 20 போட்டாலே ஏறக்குறைய 80 சதவீதம். 5 சொச்சத்துக்கு வந்த பிறகும் 60 சதவீதம் அடைபட்டுத்தான் இருக்கிறது. அதாவது 60-லிருந்து 20 வரை இறங்கும் பெரிய இறக்கத்தில் போவது 8 சதவீதம். கடைசியில் மிச்சமிருக்கும் அந்தப் பொடித் துண்டை விடும்போது போவது 60 சதவீதம். மேலே இருக்கும்போது அது மாடிப்படி, கீழே வந்த பிறகு அதே உயரப் படி கிணற்றுக்குள் குதிப்பது மாதிரி.

எனக்கு இது உடனே பிடிபட்டது. கடைசித் துண்டைத்தான் இன்னும் பொடிப் பொடியாகக் குறைக்க வேண்டும், ஒவ்வொரு இறக்கமும் முந்தைய இறக்கத்தைவிடச் சின்னதாக. அந்த இடத்தில்தான் இந்த வெட்டி கைவிரித்துவிடுகிறது. கால் மாத்திரையை மறுபடி வெட்டிப் பார்த்தேன். ஒரு துண்டு பறந்து போய் அடுப்பு மேடைக்குக் கீழே விழுந்தது, மற்றது மாவாயிற்று.

இதற்கெல்லாம் வேறு ஊர்களில் சாமான் இருக்கிறது. நெதர்லாந்தில் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பீட்டர் குரூட், ஜிம் வான் ஓஸ் என்பவர்கள் கொண்டுவந்த குறைப்புப் பட்டை 2013-லிருந்து இருக்கிறது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சின்னப் பை, பையின் மேலே எத்தனையாவது நாள் என்பதும் அளவும். சுருளாக 28 நாளுக்கு வரும், நாளுக்கு நாள் மெல்லக் குறைந்துகொண்டே போகும். கிழித்துப் போட வேண்டியதுதான். இங்கிலாந்தில் எஸ்சிட்டலோப்ராம் சொட்டு மருந்தாகவே உண்டு, ஒரு மில்லிலிட்டரில் 20 மில்லிகிராம். அங்கே ராயல் மனநல மருத்துவர் கல்லூரி (பேர்தான் கல்லூரி, மருத்துவர்களின் அமைப்பு) 2020-இல் பொதுமக்களுக்கென்றே வெளியிட்ட தகவல் தாளில், எந்த மாத்திரையை எவ்வளவு சின்ன அளவு வரை இறக்கலாம் என்று மாதிரி அட்டவணைகளே போட்டிருக்கிறார்கள். கோவையில் நான் கேட்ட கடைகளில் சொட்டு மருந்து இல்லை. “ஆர்டர் போட்டும் வராதுங்கண்ணா” என்றார் தம்பி. மாத்திரை செய்கிற நாடு நாம். 10, 15, 20 என்று ஏறுவதற்கு எத்தனை அளவு வேண்டுமானாலும் கிடைக்கிறது, இறங்குவதற்கு 5-ஓடு படிக்கட்டு முடிந்துவிடுகிறது. என் கோபம் 150 ரூபாய் டப்பா மேல் இல்லை, இதன் மேல்தான்.

டாக்டரம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தது தண்ணீர் வழி. அவர் எழுதிக் கொடுத்து, செய்து காட்டி, என்னையும் செய்யச் சொல்லிப் பார்த்த பிறகுதான் வீட்டுக்கு அனுப்பினார். 5 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை அளந்த 10 மில்லிலிட்டர் தண்ணீரில் போட்டு, முழுக்க உதிரும்வரை விட்டு, நன்றாகக் குலுக்கி, அடியில் தங்குவதற்குள் ஊசி இல்லாத சிரிஞ்சில் உறிஞ்ச வேண்டும். ஒரு மில்லிலிட்டருக்கு அரை மில்லிகிராம். எல்லாம் முழுக்கக் கரைவதில்லை, மாவு மிதந்துகொண்டுதான் இருக்கும். அதனால்தான் அந்தக் குலுக்கல். மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும், நாளைக்கு வைக்கக் கூடாது. கசப்பு, பின்னால் ஒரு வாய் மோர் குடிப்பேன். ஐந்து ரூபாய் சிரிஞ்ச், 150 ரூபாய் வெட்டியைவிடத் துல்லியமாக வேலை செய்கிறது என்பதை இந்த விமர்சனத்தின் நடுவில் சொல்ல வேண்டியிருக்கிறது. என் அட்டவணையை இங்கே போடப் போவதில்லை. அது என் வயசுக்கும், நான் மாத்திரை போட்ட வருடங்களுக்கும், எனக்கு வந்த அவதிக்கும் போட்டது. இந்த வழி உங்கள் மாத்திரைக்குப் பொருந்துமா என்பதையும் உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

எல்லாருக்கும் இப்படி ஆகுமா என்று பட்டறைப் பக்கத்து நண்பர் ஒருவர் பயந்துபோய்க் கேட்டார், அவரும் இதே மாத்திரை போடுகிறவர். ஆகாது. 2024-இல் 79 ஆய்வுகளை, 21,000 பேருக்கு மேல், சேர்த்துப் பார்த்தார்கள். நிறுத்தியவர்களில் 31 சதவீதம் பேர் ஏதோ ஒரு அவதி சொன்னார்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 சதவீதம் பேர் சொன்னார்கள்! இரண்டையும் கழித்தால் மருந்தாலேயே வருவது ஆறேழு பேரில் ஒருவருக்கு. கடுமையாக வருவது 35 பேரில் ஒருவருக்கு என்று கணக்கு. அந்த ஆய்வுகளில் கொஞ்ச காலம் மட்டும் மாத்திரை போட்டவர்களே அதிகம், வருடக்கணக்கில் போட்டவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்று ஆட்சேபம் சொல்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் அவரிடம் சொன்னேன். இன்னொன்றையும் சொன்னேன்: நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. இங்கிலாந்தில் நன்றாக இருந்த 478 பேரை வைத்து நடத்தி 2021-இல் வெளியான ஆய்வில், மாத்திரையைக் குறைத்து நிறுத்தியவர்களில் 56 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்துக்குள் மனச்சோர்வு திரும்பியது, தொடர்ந்து போட்டவர்களில் 39 சதவீதம். பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் நிறுத்தியும் தப்பித்தார்கள் என்றும் படிக்கலாம், நிறுத்தினால் ஆபத்து கூடுகிறது என்றும் படிக்கலாம். நண்பர் இப்போதைக்குத் தொடர்வது என்று முடிவெடுத்தார். நல்ல முடிவுதான்.

எப்போது இறங்குவது என்பதில் டாக்டரம்மா என் தொழிலைக் கேட்டுக்கொண்டார். தீபாவளிக்கு முன்னால் வேண்டாம், தை முகூர்த்தத்தில் வேண்டாம், அட்சய திருதியைக்குக் கிட்டேயே வராதீர்கள் என்றார். அவர் வீட்டிலும் நகை செய்கிறவர் யாராவது இருப்பார்களோ என்னவோ. ஆடியில் தாலி ஆர்டர் கிடையாது, கல்யாண நகை கிடையாது, பட்டறை தூங்கும். பெரிய இறக்கத்தை ஆடியில் வைத்துக்கொண்டேன். குறைத்த முதல் வாரத்தில் ஊதுகுழலைத் தொடாமல் பாலீஷ், கல் பொறுக்குவது என்று கழித்தேன். வண்டி ஓட்டவில்லை, பையன்தான் பின்னால் ஏற்றிக்கொண்டு போனான். கரண்ட் அடிப்பது வந்தால் நோட்டில் ஒரு கோடு போடுவேன். கோடு குறைந்து வழக்கமான நிலைக்கு வரும்வரை அடுத்த இறக்கம் கிடையாது. ஒரு இறக்கம் தாங்கவில்லை என்றால் முந்தைய அளவுக்குத் திரும்பி அங்கேயே நிற்பது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, டாக்டரம்மாவே “வழியில உட்கார்ந்து போலாங்க, யாரும் துரத்தல” என்பார்.

ஒரு ராத்திரி தூக்கமும் இல்லாமல் நெஞ்சும் அடித்துக்கொள்ள, 14416-க்குப் போன் போட்டேன். அரசாங்கத்தின் மனநல உதவி எண், டெலி-மானஸ் என்று பெயர், 2022 அக்டோபரில் தொடங்கியது. காசு கிடையாது, ராத்திரியும் எடுக்கிறார்கள், தமிழிலேயே பேசினார்கள். மாத்திரை அளவைப் பற்றி அந்தப் பெண் எதுவும் சொல்லவில்லை, அது சரிதான். உயிரை விடும் எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்டார். கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். உங்களாகவே மாத்திரையை முழுசாக நிறுத்திவிடாதீர்கள், காலையில் உங்கள் டாக்டரைக் கூப்பிடுங்கள் என்றார். இலவசச் சேவை என்றால் நமக்கு ஒரு இளக்காரம் உண்டு, இதற்கு அது தேவையில்லை. சென்னையில் 1986-லிருந்து இருக்கும் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண்ணையும், 044-24640050, வீட்டுக்காரி ஃபிரிட்ஜ் மேல் எழுதி ஒட்டியிருக்கிறாள். உயிரைப் பற்றிய எண்ணம் தலைகாட்டினால் மாத்திரைக் கணக்கு, தராசு எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு முதலில் இவர்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் நேரே ஆஸ்பத்திரி.

நான் இன்னும் முடிக்கவில்லை. இப்போது சிரிஞ்சில் மூன்று கோடு அளவில் இருக்கிறேன், அடுத்த இறக்கம் பற்றி மார்கழியில் பேசலாம் என்றிருக்கிறார்கள். கரண்ட் அடிப்பது அபூர்வமாகிவிட்டது, கனவு மட்டும் இன்னும் கலர்தான்.

நட்சத்திரம் கொடுக்கச் சொல்கிறது இந்தப் பக்கம். கோடு போட்ட மாத்திரையைப் பாதியாக்க நான்கு. கால்வாசிக்கு இரண்டு, அதுவும் பிளேடு புதிதாக இருக்கும்வரை. அதற்குக் கீழே கொடுக்க ஒன்றும் இல்லை. வாங்குவதாக இருந்தால் கடையிலேயே திறந்து பாருங்கள்: பிளேடு பள்ளத்தின் சரியான நடுவில் இறங்க வேண்டும், என்னுடையது ஒரு மயிரிழை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அந்த 67-க்கும் 62-க்கும் காரணம் அதுவாகத்தான் இருக்கும். வெட்டியை இப்போது அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். பிரஷர் மாத்திரையைப் பாதி பாதியாகப் போடச் சொல்லியிருக்கிறார் அவர் டாக்டர். முன்பெல்லாம் அரிவாள்மனையில் வைத்து வெட்டிக்கொண்டிருந்தார், பாதித் துண்டு அடுப்படியில்தான் கிடக்கும். இதை நன்றாகப் பிடித்துக்கொண்டுவிட்டார்.